தட்டை முக நாய்களும் நம் பொறுப்பும்

ஐதராபாத்தில் மாரேடுபள்ளி, பத்மாராவ் நகர் முதலிய பழைய பகுதிகளிலும், மாதாப்பூர், கொண்டாப்பூர் முதலிய புதிய பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. முன்னாளில் தனி வீடும் முற்றமும் உடையவர்களே பெரும்பாலும் நாய் வளர்த்தனர். இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோரும் நாய் வளர்க்க விரும்புகின்றனர். இடம் சிறிதாகையால் நாயும் சிறிதாக இருக்கவேண்டும் என்று கருதுகின்றனர். அவர்களுக்கு ஏற்றதென்று வணிகர் எடுத்துக் காட்டுவது, மூக்கு உள்ளடங்கி, கண் பிதுங்கி, முகமெல்லாம் மடிப்பு விழுந்த ஒரு குட்டியாக இருப்பது வழக்கமாகிவிட்டது. பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பெக்கினீஸ், ஷிட்சு என்று பல பெயர்களால் வழங்கும் இவற்றைத் தட்டை முக நாய்கள் என்று பொதுப்பெயரால் குறிப்பிடலாம்.

இம்முகம் இயற்கை தானாக அளித்ததன்று. நாய் ஓநாயின் வழி வந்த விலங்கு. நீண்ட மூக்கே அதற்கு உரியது. அந்த மூக்கு எப்பொழுது குறுகியது? எவருடைய விருப்பத்தால் குறுகியது? அதனால் நாய்க்கு நேர்ந்தது என்ன? அத்தகைய நாய்களை இனப்பெருக்கம் செய்வோரும் விலைக்கு வாங்குவோரும் ஏற்கவேண்டிய பொறுப்பு எது? இவ்வினாக்களுக்கு விடை காண, நாம் நம் நாட்டு நாய்களிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமை வாய்ந்தது அது. ஆநிரையைக் காத்து உயிர் துறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக அது நாட்டப்பட்டது. அவ்வீரனுடைய உருவத்தின் அருகில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கள்வர் இருவரைக் கடித்து, தலைவன் வீழ்ந்த பின்னும் காவல் நின்றது என்று கல்வெட்டு அதனைச் சிறப்பிக்கிறது. பெயர் சொல்லி ஒரு நாய்க்குப் பெருமை செய்த நாடு நம்முடையது. அப்பெருமை நாயின் செயலுக்காக அளிக்கப்பட்டது என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

தமிழகத்தின் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய இனங்கள் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. தக்காணப் பீடபூமிக்கும் அதற்கென ஒரு நாய் உண்டு. மெலிந்த உடலும் ஆழ்ந்த மார்பும் நீண்டு கூர்ந்த முகமும் உடைய அதனை முதோல் நாய் என்பர். இன்றைய கர்நாடகத்திலுள்ள முதோல் என்னும் சிற்றரசின் பெயரால் அஃது அழைக்கப்படுகிறது. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்கள் நான்கிற்குத் தபால்தலை வெளியிட்டபோது, இராசபாளையமும் முதோலும் அவற்றுள் இடம் பெற்றன. இவை வெயிலில் ஓடிப் பழகியவை. ஓட்டத்திற்கு மூச்சு வேண்டும். மூச்சுக்கு மூக்கு வேண்டும். ஆகவே மூக்குக் குறுகிய நாயை நம் முன்னோர் தேடி வளர்க்கவில்லை.

அயல்நாட்டு நாய்கள் இந்நகரத்திற்கு வந்த வழியை நோக்கினால், அது தமிழர் வந்த வழியோடு ஓரிடத்தில் கலப்பதைக் காணலாம். 1798-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி நிசாம், ஆங்கிலக் கும்பினியின் துணைப்படையை ஏற்றுக்கொண்டார். அப்படை தங்கிய பாளையம் 1806-ல் சிக்கந்தராபாத் என்று பெயர் பெற்றது. படை சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாகையால், அதனோடு தமிழ்ச் சிப்பாய்களும் வணிகரும் ஒப்பந்தக்காரரும் வந்து குடியேறினர். ஆங்கில அதிகாரிகளும் தம் குடும்பங்களோடும் வளர்ப்பு விலங்குகளோடும் வந்தனர். அந்நாளில் அயல்நாட்டு நாய் ஆளுவோர் வீட்டுப் பொருளாக இருந்தது. விடுதலைக்குப் பின்னும் அதனைப் பெருமைக்குரியதாகக் கருதும் மனப்பான்மை நம்மை விட்டு முற்றும் நீங்கவில்லை.

இனி, தட்டை முகத்தின் பிறப்பிடத்திற்குச் செல்வோம். சீனத்து அரண்மனைகளில் பல நூற்றாண்டுகளாகச் சிறிய நாய்கள் வளர்க்கப்பட்டன. சிங்கத்தின் சாயலை அவற்றில் காண விரும்பி, முகம் குறுகியவற்றையே தேர்ந்து இணை சேர்த்தனர். 1860-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பீக்கிங் நகரத்துக் கோடை அரண்மனையைச் சூறையாடியபோது, பெக்கினீஸ் நாய்கள் சில அவர்கள் கையில் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று விக்டோரியா அரசியாருக்குக் காணிக்கையாயிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'லூட்டி'. கொள்ளையைக் குறிக்கும் 'லூட்' என்னும் சொல் நம் நாட்டு இந்தி மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றது. கொள்ளைப் பொருள் என்பதையே பெயராகச் சூடி அந்நாய் அரண்மனையில் வளர்ந்தது.

பக் நாய் இதற்கு முன்னரே டச்சு வணிகர் வழியாக ஐரோப்பாவை அடைந்திருந்தது. அன்று அதன் முகம் எவ்வாறு இருந்தது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. ஹோகார்த் என்னும் ஆங்கில ஓவியர் 1745-ல் தம்மையும் தம் பக் நாயையும் சேர்த்து வரைந்த ஓவியம் இலண்டனில் இருக்கிறது. அதிலுள்ள நாய்க்குத் தெளிவாகப் புறத்தே நீண்ட மூக்கு உண்டு. இன்றைய பக் நாயை அதனருகில் நிறுத்தினால் இரண்டும் ஓரினம் என்று நம்புவது அரிது. இருநூற்றெழுபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அந்த மூக்கு மறைந்துவிட்டது.

புல்டாக் நாயின் கதையும் இதனை ஒத்தது. கட்டி வைத்த காளையின் மேல் நாயை ஏவி வேடிக்கை பார்க்கும் கொடிய வழக்கம் இங்கிலாந்தில் இருந்தது. அதற்கெனப் பயன்பட்ட நாயாதலின் அப்பெயர் வந்தது. அக்காலத்து ஓவியங்களில் காணும் புல்டாக், இன்றுள்ளதைக் காட்டிலும் உயர்ந்த காலும் நீண்ட முகமும் உடையது. 1835-ல் ஆங்கில நாடாளுமன்றம் அவ்வேடிக்கையைச் சட்டத்தால் தடுத்தது. தொழிலிழந்த அந்நாய் அழிந்திருக்கக்கூடும். ஆனால் வேறொரு களம் அதற்கு வாய்த்தது. அதுவே நாய்க் கண்காட்சி.

1859-ல் நியூகாசில் நகரில் முதற் கண்காட்சி நடைபெற்றது. 1873-ல் கென்னல் சங்கம் தோன்றியது. 1875-ல் புல்டாக்குக்கென்றே தனிச் சங்கம் எழுந்தது. ஒவ்வோர் இனத்திற்கும் இலக்கணம் வகுக்கப்பட்டது. முகம் குறுகியதாக இருக்கவேண்டும் என்று இலக்கணம் கூறினால், மிகக் குறுகிய முகமே பரிசு பெற்றது. பரிசு பெற்ற ஆண் நாயையே பலரும் நாடினர். அதன் மக்களும் பேரர்களும் தமக்குள்ளேயே இணை சேர்க்கப்பட்டனர். இவ்வாறு தலைமுறைதோறும் முகம் சிறிது சிறிதாக உள்வாங்கியது. எவரும் நாய்க்குத் தீங்கு செய்யவேண்டும் என்று எண்ணித் தொடங்கியதன்று இது. நடுவர்கள் கண்ணால் அளந்தார்கள். நாயின் மூச்சை அளக்கும் வழக்கம் அந்நாளில் இல்லை.

இதன் விளைவை உடற்கூற்றின்வழி அறியவேண்டும். தேர்வினால் குறுகியது எலும்பு. எலும்பின்மேலும் உள்ளும் உள்ள தசையும் தோலும் அதே அளவிற்குக் குறையவில்லை. பெரிய பெட்டியில் இருந்த பொருள்களைச் சிறிய பெட்டியில் திணித்தாற்போல் அவை நெருங்கிவிட்டன. மூக்குத்துளை கீற்றாக ஒடுங்குகிறது. மென்னண்ணம் நீண்டு குரல்வளையின் வாயிலை அடைக்கிறது. நாக்கு வாயை நிறைக்கிறது. புல்டாக் முதலிய சிலவற்றில் மூச்சுக்குழலே குறுகியதாக அமைகிறது. ஒவ்வொரு மூச்சையும் வலிந்து இழுப்பதால் தொண்டையின் திசுக்கள் வீங்கி, வழி மேலும் அடைபடுகிறது. மக்கள் வேடிக்கையாகக் கருதும் குறட்டை, அடைபட்ட வழியே காற்றுப் புகும் ஓசையாகும்.

நம் உடல் வியர்வையால் குளிர்கிறது. நாய்க்கு அவ்வாறு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. அது வாய் திறந்து இளைத்தும், மூக்கினுள் உள்ள சுருள் எலும்புகளின் ஈரப்பரப்பில் காற்றைச் செலுத்தியுமே தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. மூக்கு இல்லாத நாய்க்கு இவ்வழி பாதி மூடப்பட்டதாகிறது. இளைக்க இளைக்கத் தொண்டை வீங்கும். வீங்க வீங்க வெப்பம் ஏறும். ஐதராபாத்தில் ஏப்பிரல், மே திங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். தார்ச்சாலையும் மூடிய மோட்டார் வண்டியும் அதனினும் வெம்மையுடையவை. நாட்டு நாய் நிழலில் படுத்துத் தப்பும் நண்பகலில், தட்டை முக நாய் சிறிது தொலைவு நடந்த அளவிலேயே மயங்கி விழக்கூடும். தக்க உதவி உடனே கிடைக்காவிடின் உயிரும் போகும்.

மூச்சோடு துன்பம் முடிவதில்லை. கண் தங்கும் குழி ஆழமற்றதாகையால் விழி எளிதில் புண்படுகிறது. சிறு சண்டையிலும் வெளியே பிதுங்கிவிடுவது உண்டு. முகத்து மடிப்புகளில் ஈரம் தங்கிப் புண்ணாகிறது. பற்கள் நெருங்கிக் கோணுகின்றன. சுருண்ட வாலை விரும்பித் தேர்ந்ததனால் முதுகெலும்புக் கணுக்கள் சில கோணலாக அமைகின்றன. மகப்பேறும் இடர்ப்பாடாகிறது. குட்டியின் தலை பெரிது. தாயின் இடுப்பெலும்பு சிறிது. 2010-ல் வெளியான ஆங்கில நாட்டு ஆய்வு ஒன்றில், புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் ஆகிய மூன்று இனங்களிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட ஈற்றில் அறுவை செய்தே குட்டிகளை எடுக்க நேர்ந்தது என்று கண்டனர். தானாக ஈன இயலாத ஓர் இனத்தை மனிதன் தன் விருப்பத்தால் உண்டாக்கிவிட்டான் என்றே சொல்லவேண்டும்.

மற்றொரு குறை கண்ணுக்குப் புலனாகாதது. 2008-ல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர் பிரிட்டனின் நாய்ப் பதிவேடுகளை ஆராய்ந்தனர். அந்நாட்டில் அப்பொழுது சுமார் 10,000 பக் நாய்கள் இருந்தன. ஆயினும் அவற்றின் மரபு வேறுபாடு வெறும் 50 நாய்களுக்கு உரிய அளவே என்று அறிந்தனர். உறவு நெருங்கிய திருமணத்தின் தீமையை நாம் அறிவோம். அது பல தலைமுறை தொடர்ந்தால் நலிவு ஊன்றிவிடும். அவ்வாண்டிலேயே பி.பி.சி. தொலைக்காட்சி இச்செய்திகளை வெளியிட, நாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. 2009-ல் கென்னல் சங்கம் தன் இன இலக்கணங்களைத் திருத்தியது. 2022-ல் வெளியான மற்றோர் ஆய்வு, பக் நாய்க்கு ஓராண்டில் நோய் காணும் வாய்ப்பு ஏனைய நாய்களைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு என்று கணித்தது.

நம் நாட்டில் பக் நாய் வீடுதோறும் அறிமுகமானதற்கு ஒரு விளம்பரமே பெருங்காரணம். 2003-ல் ஹட்ச் என்னும் கைப்பேசி நிறுவனம் ஒரு விளம்பரப் படத்தை வெளியிட்டது. ஒரு சிறுவன் செல்லும் இடமெல்லாம் ஒரு பக் நாய் அவனைப் பின்தொடர்ந்து செல்லும். அந்நிறுவனத்தின் இணைப்பும் அவ்வாறே உடன் வரும் என்பது கருத்து. 2007-ல் நிறுவனத்தின் பெயர் வோடஃபோன் என மாறிய பின்னும் நாய் தொடர்ந்து தோன்றியது. மக்கள் இனத்தின் பெயரை மறந்து 'ஹட்ச் நாய்' என்றே கேட்டு வாங்கினர். தேவை பெருகவே, வீட்டின் பின்கட்டிலும் மொட்டை மாடியிலும் கூண்டுகள் எழுந்தன. உடல்நலம் பாராது, உறவு பாராது, ஈற்றுக்கு ஈறு ஓய்வு கொடாது தாய் நாய்களை ஈனச் செய்யும் வணிகம் பல நகரங்களில் பரவியது. விளம்பரத்தில் நாய் ஓடுவது சில நொடிகள். வீட்டில் அது வாழவேண்டியது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்.

இதனைக் கட்டுப்படுத்தும் சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. அச்சட்டத்தின் வரலாற்றில் தமிழகத்திற்குச் சிறந்த பங்கு உண்டு. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவை உறுப்பினரானார். விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கத் தனி மசோதா ஒன்றை அவர் கொணர்ந்தார். அரசே அதற்கெனச் சட்டம் இயற்றும் என்று நேருஜி உறுதி கூறவே, அவர் அதனைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாக 1960-ல் விலங்குவதைத் தடைச் சட்டம் பிறந்தது. 1962-ல் விலங்கு நல வாரியம் சென்னையில் அமைந்தது. ருக்மிணி தேவியே அதன் முதல் தலைவர். ஆனால் அச்சட்டம் முதல் முறைக் குற்றத்திற்கு விதித்த அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாதது. ஒரு குட்டி பல ஆயிரம் ரூபாய்க்கு விலைபோகும் வணிகத்தில் அத்தொகை எவரையும் அச்சுறுத்தாது.

2016-ல் மத்திய அரசு வணிக நோக்கில் இனப்பெருக்கம் செய்வதற்காக நாய்களை இறக்குமதி செய்வதற்குத் தடை விதித்தது. 2017-ல் நாய் இனப்பெருக்கத்திற்கும் விற்பனைக்கும் தனி விதிகள் வெளியிடப்பட்டன. அவ்விதிகளின்படி, இத்தொழில் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெறவேண்டும். பதினெட்டுத் திங்கள் நிரம்பாத நாயை இணை சேர்த்தல் கூடாது. ஒரு தாய் நாய் தன் வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஈனச் செய்யப்படலாகாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றல் கூடாது. விதிகள் நல்லன. எனினும், வாங்குவோர் பதிவுச் சான்றைக் கேளாதவரை, விற்போர் அதனைப் பெறுவதற்கு விரையமாட்டார் என்பது நடைமுறை.

இந்நகரத்தில் கைவிடப்பட்ட விலங்குகளுக்குப் புகலிடமாக விளங்குவது ஐதராபாத் புளூ கிராஸ் சங்கம். 1992-ல் அதனைத் தொடங்கியவர் அமலா அக்கினேனி. தமிழ்த் திரைப்படங்களில் நடித்துப் புகழ் பெற்ற அவர், ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரத்தில் நாட்டியம் பயின்றவர். அடையாற்றில் வேர்விட்ட அருளுணர்வு மூசி நதிக்கரை நகரத்தில் கிளைவிட்டதை இங்கே காண்கிறோம். கடையில் விலை கொடுத்து வாங்கிய நாயும், நோயுற்று மருத்துவச் செலவு மிகுந்தபின் தெருவில் விடப்படுவது நம் நாட்டுப் பெருநகரங்கள் பலவற்றிலும் நிகழ்கிறது. தெருவில் பிறந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியும். தட்டை முக நாய்க்கு வெயிலையும் தாங்க இயலாது. துரத்தும் நாய்களிடமிருந்து ஓடவும் இயலாது.

பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு அணுகுகின்றன? 2015-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வு, மூக்கின் நீளம் தலையோட்டின் நீளத்தில் பாதிக்குக் குறையும்பொழுது மூச்சடைப்பு நோய் தலைகாட்டத் தொடங்குகிறது என்று காட்டியது. நெதர்லாந்து அரசு அவ்வளவையே அடிப்படையாகக் கொண்டு, 2019-ல் இனப்பெருக்கத்திற்கு வரம்பு வகுத்தது. பத்தில் மூன்று பங்கிற்கும் குறைவான மூக்குடைய நாயை இணை சேர்த்தல் அங்கே குற்றம். பிரிட்டனில் அவ்வாண்டிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கென்னல் சங்கமும் சேர்ந்து ஒரு சோதனை முறையை ஏற்படுத்தின. நாயைச் சிறிது நேரம் ஓடச் செய்து, ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் மூச்சைக் கருவியால் கேட்டு, சுழி முதல் மூன்று வரை தரம் இடுகின்றனர். நார்வேயில் 2022-ல் ஒரு நீதிமன்றம் புல்டாக், காவலியர் ஆகிய இரண்டின் இனப்பெருக்கத்தையும் சட்டத்திற்கு மாறானதென்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் புல்டாக் விடுபட்டது. காவலியருக்கான தடையை 2023-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

நம் தாய்த்தமிழகத்திலும் ஒரு முயற்சி நடந்தது. 2024-ல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை அறிவித்தது. நம் தட்பவெப்பத்திற்கு ஒவ்வாதவை என்று பதினோர் அயல்நாட்டு இனங்களை அது சுட்டி, அவற்றின் இனப்பெருக்கம் கூடாது என்றது. குளிர்நாட்டு ஹஸ்கியோடு பக், பிரெஞ்சு புல்டாக் ஆகிய தட்டை முக இனங்களும் அப்பட்டியலில் இருந்தன. இராசபாளையம், சிப்பிப்பாறை முதலிய நாட்டினங்களைப் பேணுவதும் அக்கொள்கையின் நோக்கம். ஐதராபாத்தில் வாழும் தமிழர் தம் ஊருக்குக் குட்டி வாங்கிச் செல்லவோ, ஊரிலிருந்து கொண்டு வரவோ கருதினால், இவ்வறிவிப்பின் காரணத்தையேனும் அறிந்திருத்தல் நன்று.

இத்தகைய தடைகளை நாய்ப் பண்ணையாளர் பலர் எதிர்க்கின்றனர். அவர்கள் கூற்றையும் நாம் புறக்கணித்தல் ஆகாது. எல்லாத் தட்டை முக நாயும் நோயாளியன்று என்பர், அஃது உண்மையே. கேம்பிரிட்ஜ் சோதனையில் மூச்சு நோயற்றதெனத் தேறும் நாய்களும் உண்டு. தடை விதித்தால் வணிகம் மறைவிடத்திற்குச் சென்று கொடுமை மிகும் என்பர். அவ்வச்சத்திற்கும் இடம் உண்டு. ஆயினும் நலமுள்ள நாய்கள் சில உண்டு என்பது எதனை உணர்த்துகிறது? அவற்றைக் கண்டறிந்து, அவற்றையே அடுத்த தலைமுறைக்குத் தாயும் தந்தையும் ஆக்கவேண்டும் என்பதையன்றோ? தேர்வினால் கெட்டதைத் தேர்வினாலேயே சீர்செய்யலாம். மூக்கு நீண்ட வேற்றினத்தோடு கலந்து மூச்சை மீட்கும் முயற்சிகளும் ஐரோப்பாவில் நடந்துள்ளன. இனத்தூய்மை குன்றுமே என்று வருந்துவோர், ஹோகார்த்தின் நாயை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக. இன்றைய பக்கைவிட மூக்கு நீண்டிருந்த அதுவும் பக் இனந்தான்.

ஆகவே பண்ணையாளரின் கடமை தெளிவானது. மூச்சிரைக்கும் நாயையும், அறுவையின்றி ஈன இயலாத நாயையும், நெருங்கிய உறவுடைய இரண்டையும் இணை சேர்த்தல் கூடாது. மூக்குத்துளையை அறுவையால் அகலப்படுத்திய நாயைத் தந்தையாக்குதலும் தவறு. அறுவை அந்நாயின் துன்பத்தைக் குறைக்குமேயன்றி, அது குட்டிகளுக்கு வழங்கும் மரபை மாற்றாது. கண்காட்சி நடத்தும் சங்கங்களும் முகத்தின் அழகோடு மூச்சின் நலத்தையும் மதிப்பெண்ணுக்கு உரியதாக்க வேண்டும்.

வாங்குவோரின் கடமையை நாம் அதனினும் முதன்மையானதாகக் கருதுகிறோம். வேண்டுவோர் இல்லையேல் விற்போர் இல்லை. குட்டியைக் கடைக் கூண்டில் பார்த்து வாங்காமல், அது பிறந்த இடத்திற்கே சென்று தாயைக் காணவேண்டும். தாய் அமைதியாக மூச்சு விடுகிறதா, சிறிது ஓடியபின் தேறுகிறதா, மூக்குத்துளை திறந்துள்ளதா என்று நோக்கவேண்டும். முந்திய ஈறுகள் எவ்வாறு நடந்தன என்று வினவவேண்டும். வாரியத்தின் பதிவுச் சான்றைக் கேட்கவேண்டும். காட்ட மறுப்பவரிடம் வாங்காது திரும்பவேண்டும். குட்டியின் மேல் இரங்கி, 'இதையேனும் காப்போம்' என்று பணம் கொடுப்பது அன்பினால் செய்யும் செயலே. ஆனால் அப்பணமே அடுத்த ஈற்றுக்கு முதலாகிறது. நாட்டு நாய்க்குட்டி ஒன்றைப் புகலிடத்திலிருந்து ஏற்பதில் இவ்வையங்கள் இல்லை. அதுவும் அடுக்குமாடியில் நன்றாகவே பழகும்.

தட்டை முக நாயை ஏற்கெனவே வளர்ப்போர் மனம் கலங்க வேண்டுவதில்லை. அந்நாய் குற்றம் செய்ததன்று, பேரன்புக்கு உரியது. அதன் உடல் பருக்காது காக்கவேண்டும். கொழுப்பு மூச்சின் பகை. கோடையில் கதிரெழுமுன் அல்லது இருட்டிய பின் நடத்திச் செல்லவேண்டும். கழுத்துப் பட்டையை நீக்கி மார்புப் பட்டை அணிவித்தல் நலம். முகமடிப்பை நாள்தோறும் துடைத்து உலர்த்தவேண்டும். உறங்கும்போது மூச்சு நின்று திடுக்கிட்டு எழுந்தாலும், நாக்கு நீலம் பாய்ந்தாலும், இயல்பென்று இராது மருத்துவரிடம் காட்டவேண்டும். இராஜேந்திரநகரிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நிலையங்கள் இந்நகரத்தில் உண்டு. வெயிலில் மயங்கினால், குளிர்ந்த நீரால் உடலை நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போதும் எண்ணித் துணியவேண்டும். விமான நிறுவனங்கள் பல இந்நாய்களைச் சரக்கறையில் ஏற்ற மறுக்கின்றன. இரயிலிலும் கார்டு வண்டியின் நாய்ப்பெட்டி கோடைக்கு ஏற்றதன்று. குளிரூட்டிய முதல் வகுப்பில் தனியறை கிடைக்காவிடின், நாயை நம்பிக்கையானவரிடம் விட்டுச் செல்வதே அறிவுடைமை.

இறுதியாக, வளர்ப்போர் ஒவ்வொருவரும் எளிதில் செய்யக்கூடிய ஒன்றைக் குறிப்பிடுவோம். தம் நாய்க்கு ஒரு ஈறேனும் வேண்டும் என்றோ, நண்பர் வீட்டு நாயோடு சேர்க்கலாம் என்றோ ஆசைப்படுவோர் பலர். மூச்சு நலம் சோதிக்கப்படாத தட்டை முக நாயைப் பொறுத்தவரை அவ்வாசையைக் கைவிட்டு, கருத்தடை அறுவை செய்துவிடுதல் வேண்டும். சட்டம் வலுப்பெறுவதற்கும் இன இலக்கணம் மாறுவதற்கும் காலம் ஆகும். நம் வீட்டு நாயின் வழியே இத்துன்பம் மேலும் ஒரு தலைமுறைக்குச் செல்லாமல் தடுப்பது இன்றே நம் கையில் உள்ளது. அதனைச் செய்யுமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.